தட்டிப் பார்த்தே கீயை எடுத்துவிடுவார்கள்: உங்கள் புரோகிராம் கசிகிறதா என்று நீங்களே சோதிக்கும் வழி

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கியிருக்கிறீர்களா? ரோட்டோரம் குவித்து வைத்திருப்பவர் பழத்தை வெட்டிப் பார்க்கவே மாட்டார். விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். டங்கென்று கேட்டால் தள்ளி வைப்பார், தொப்பென்று கேட்டால் "இத எடுத்துக்கிட்டுப் போ தம்பி, ராத்திரியே அறுத்துடலாம்" என்பார். போன வைகாசியில் அப்படி ஒரு பழம் வாங்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்தபடி வந்தேன். தோலில் ஒரு கீறல் கிடையாது, ஆனால் உள்ளே சுளை எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்பது வெளியே நின்ற மனிதருக்குத் தெரிந்துவிட்டது. என்க்ரிப்ஷன் கீ (செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்) பறிபோவதும் பல நேரம் இப்படித்தான்.

ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ் என்ற பிரபலமான என்க்ரிப்ஷன் முறைகளின் கணக்கை யாரும் உடைப்பதில்லை. அந்தக் கணக்கைச் செய்யும் புரோகிராம் எடுத்துக்கொள்ளும் நேரம், தொடுகிற மெமரி, இழுக்கிற மின்சாரம், சில சமயம் லேப்டாப்பே எழுப்பும் மெல்லிய சத்தம் என்று ஏதோ ஒன்று கீக்குத் தகுந்தபடி மாறுகிறது, வெளியே இருப்பவர் அதை அளக்கிறார். இதற்குத்தான் சைடு சேனல் என்று பெயர். நேரத்தை மட்டும் அளந்து ஆர்எஸ்ஏ ரகசியத்தை எடுக்கலாம் என்று 1996-லேயே பால் கோச்சர் எழுதிவிட்டார். 2003-ல் டேவிட் பிரம்லியும் டேன் போனேவும் லோக்கல் நெட்வொர்க் வழியாகவே, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரி ஓடிக்கொண்டிருந்த ஒரு வெப் சர்வரிலிருந்து ஆர்எஸ்ஏ கீயை எடுத்துக் காட்டினார்கள். அதற்கான தடுப்பு ஓப்பன்எஸ்எஸ்எல்லில் முன்பே இருந்தது, ஆனால் யாரும் ஆன் செய்து வைக்கவில்லை; அதற்குப் பிறகுதான் அது தானாகவே ஆன் ஆகி வர ஆரம்பித்தது.

நான் கிரிப்டோ ஆராய்ச்சியாளன் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நாலு பேர் உட்கார்ந்து பில்லிங் சாஃப்ட்வேரும் சின்னச் சின்னக் கருவிகளும் செய்கிற ஆபீஸில் வேலை, வீடு மஞ்சக்குப்பம். நாங்கள் கீ கசிவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் எது எங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டதோ அதை மட்டும், எந்த வரிசையில் செய்தால் நேரம் வீணாகாதோ அந்த வரிசையில் எழுதுகிறேன். சி கொஞ்சம் படிக்கத் தெரிந்தால் போதும்.

எதைத் தேடுகிறோம்

கீ மாதிரி ரகசியமான ஒரு மதிப்பு மூன்று விஷயங்களைத் தீர்மானிக்கக்கூடாது: எந்தப் பக்கம் புரோகிராம் திரும்புகிறது, மெமரியில் எந்த இடத்தைத் தொடுகிறது, ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது. கான்ஸ்டன்ட் டைம் என்று லைப்ரரிகளின் விளம்பரத்தில் பார்ப்பீர்களே, அதற்கு உண்மையான அர்த்தம் இவ்வளவுதான். புரோகிராம் எப்போதும் ஒரே மைக்ரோசெகண்டில் முடிய வேண்டும் என்பதில்லை, நேரம் மாறலாம், ஆனால் கீயைப் பொறுத்து மாறக்கூடாது.

முதல் வகைக்கு ஆர்எஸ்ஏதான் பாடப்புத்தக உதாரணம். கீயின் பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள், ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஸ்கொயர், பிட் 1 என்றால் கூடவே ஒரு பெருக்கல். கீயில் 1011 என்று வந்தால் புரோகிராம் ஸ்கொயர் பெருக்கல், ஸ்கொயர், ஸ்கொயர் பெருக்கல், ஸ்கொயர் பெருக்கல் என்று தாளம் போடுகிறது, பெருக்கல் எப்போது நடந்தது என்று தெரிந்தவனுக்குக் கீ தெரிந்துவிடும். 2014-ல் யுவல் யாரோமும் கத்ரினா ஃபாக்னரும் இதைத்தான் செய்தார்கள். ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் இரண்டு புரோகிராம்கள் ஒரே லைப்ரரிப் பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். தாக்குபவர் பெருக்கல் ஃபங்ஷன் இருக்கும் வரியைக் கேஷிலிருந்து (பிராசசருக்குள் இருக்கும் வேக மெமரி) துடைத்துவிட்டு, ஒரு மூச்சு காத்திருந்து, தானே அதைப் படித்துப் பார்க்கிறார். சட்டென்று வந்தால் இடையில் எதிராளி அதைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். க்னூபிஜி என்ற என்க்ரிப்ஷன் புரோகிராமின் 1.4.13 வெர்ஷன் ஒரே ஒரு டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் சராசரியாக 96.7 சதவீத பிட்டுகள் கிடைத்தன. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே யானை கொட்டிலை விட்டு வெளியே வரவே இல்லை, மணியோசையை வைத்தே அதன் எடையைச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது வகை டேபிள். ஏஇஎஸ்ஸைச் சாதாரண சி-யில் வேகமாக எழுதினால் 256 இடங்கள் கொண்ட டேபிள்கள் வரும், முதல் சுற்றில் செய்தியின் ஒரு பைட்டையும் கீயின் ஒரு பைட்டையும் எக்ஸார் செய்து வரும் எண்தான் டேபிளில் எந்த இடம் என்று சொல்லும். செய்தி தெரிந்தால், எந்த இடத்தைத் தொட்டது என்று கேஷ் சொன்னால், மீதி கழித்தல் கணக்குதான். டான் பெர்ன்ஸ்டைன் 2005-ல் இதைக் காட்டினார். ஆஸ்விக், ஷமீர், ட்ரோமர் மூவரும் லினக்ஸ் டிஸ்க் என்க்ரிப்ஷன் கீ முழுவதையும் வெறும் 65 மில்லிசெகண்ட் அளவீட்டில் எடுத்தார்கள்.

மூன்றாவது வகையை நான் நம்பவே இல்லை, 2023 முடியும்வரை. குவாண்டம் கம்ப்யூட்டர்களையும் தாங்கும்படி வடிவமைத்த (போஸ்ட் குவாண்டம்) முறையான கைபரின் மாதிரிக் கோடில் 3329-ஆல் வகுக்கும் ஒரு வரி இருந்தது, வகுபடும் எண் ரகசியத்தோடு தொடர்புள்ளது. பல பிராசசர்களில் வகுத்தல் இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணைப் பொறுத்து நேரம் எடுக்கும். சாதாரணமாகக் கம்பைலர் அந்த வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிவிடும், ஆனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கம்பைல் செய்தால் வகுத்தலாகவே விட்டுவிடும். கைபர்ஸ்லாஷ் என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு வகுத்தல் குறி, எத்தனையோ நிபுணர்கள் வாசித்த கோடில்!

முதல் வேலை: உங்கள் சொந்தக் கோடில் சமன் குறியைத் தேடுங்கள்

லைப்ரரியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், அரை மணி நேர வேலை. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் பணம் வந்ததும் பேமென்ட் கம்பெனியின் சர்வர் எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும், கூடவே ஹெச்மேக் கையெழுத்து (செய்தி அவர்களிடமிருந்துதான் வந்தது என்று காட்ட ரகசியக் கீயால் கணக்கிட்ட முத்திரை) வரும். அந்தக் கம்பெனி கொடுத்த மாதிரிக் கோடை அப்படியே ஒட்டியிருந்தோம். அதில் வந்த கையெழுத்தையும் நாம் கணக்கிட்டதையும் சாதாரண சமன் குறியால் ஒப்பிட்டிருந்தார்கள். சமன் குறி முதல் பைட் தப்பென்றாலே நின்றுவிடும், முதல் பைட் சரியாக இருந்தால் அடுத்த பைட்டுக்குப் போகும், அதாவது கொஞ்சம் கூடுதல் நேரம். 32 பைட் கையெழுத்தை மொத்தமாக ஊகிப்பது நடக்கிற காரியமில்லை. பைட் பைட்டாக ஊகிக்க முடிந்தால் 32 தடவை 256, அதிகபட்சம் 8,192 ஊகம்தான், இரைச்சலைக் கழிக்க ஒவ்வொன்றையும் பல தடவை திரும்பச் செய்ய வேண்டியிருந்தாலும் அது கைக்கு எட்டுகிற எண். இங்கே கசிவது கீ இல்லை, ஒரு குறிப்பிட்ட செய்திக்கான சரியான கையெழுத்து. ஆனால் 'பணம் வந்துவிட்டது' என்ற பொய்ச் செய்திக்கு அது ஒன்று போதுமே.

மாற்று எல்லா மொழியிலும் தயாராக இருக்கிறது. பைத்தானில் ஹெச்மேக் மாட்யூலின் கம்பேர் டைஜஸ்ட், பிஹெச்பியில் ஹேஷ் ஈக்வல்ஸ், நோடில் டைமிங் சேஃப் ஈக்வல், கோ மொழியில் சட்டில் பேக்கேஜின் கான்ஸ்டன்ட் டைம் கம்பேர், ஜாவாவில் மெசேஜ் டைஜஸ்ட்டின் ஈஸ் ஈக்வல், சி-யில் ஓப்பன்எஸ்எஸ்எல் இருந்தால் கிரிப்டோ மெம்கம்பேர். பிஹெச்பியில் நமக்குத் தெரிந்த மதிப்பு முதலில், வெளியிலிருந்து வந்தது இரண்டாவதாக. இடம் மாற்றிப் போடாதீர்கள். நோடில் இரண்டின் நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் எரர் எறியும், அதனால் முன்னாலேயே நீளத்தைச் சோதித்துவிடுங்கள், இல்லையென்றால் யாரோ ஒருத்தர் குட்டையாக ஒரு கையெழுத்து அனுப்பி உங்கள் சர்வரைக் கவிழ்ப்பார். எங்களுக்கு அது நடந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பீச் ரோட்டில் சுண்டல் கையில் இருந்தபோது.

இன்டர்நெட் வழியாக நானோசெகண்ட் வித்தியாசத்தை யார் அளக்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், தூரத்திலிருந்து கஷ்டம். ஆனால் தாக்குபவரும் அதே டேட்டா சென்டரில் 500 ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (ஒரே மெஷினைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வர்) வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே. வாதம் செய்கிற நேரத்தில் ஒரு வரியை மாற்றிவிடலாம். இதோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஏபிஐ டோக்கனை அப்படியே டேட்டாபேஸில் வைத்து அதை வைத்தே தேடுகிறீர்களா? டோக்கனுக்கு ஒரு அடையாள எண் வைத்து அதால் தேடி, பிறகு டோக்கனின் ஹேஷை மேலே சொன்ன ஃபங்ஷனால் ஒப்பிடுங்கள். டேட்டாபேஸ் இன்டெக்ஸ் கான்ஸ்டன்ட் டைமாக ஓடும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

எந்த லைப்ரரி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியுமா

டெர்மினலில் ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் என்று அடித்துப் பார்த்துவிட்டு "நம்மது புதுசுதான்" என்று சொல்லாதீர்கள். அது சிஸ்டத்தில் இருப்பதைத்தான் சொல்கிறது. நோட் தனக்கென்று ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல்லை உள்ளேயே வைத்திருக்கும், பைத்தானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜைப் பிப் வழியாகப் போட்டால் அதற்குள்ளும் தனியாக ஒன்று, ஜாவாவுக்குச் சொந்த ஏற்பாடு, டாக்கர் இமேஜுக்குள் எப்போதோ கட்டிய பழையது. எங்களிடம் ஒரே சர்வரில் மூன்று வெவ்வேறு வெர்ஷன்கள் இருந்தன. நோடில் பிராசஸ் வெர்ஷன்ஸ் என்ற பட்டியலிலும், பைத்தானில் எஸ்எஸ்எல் மாட்யூலின் வெர்ஷன் மாறிலியிலும், சி புரோகிராமுக்கு எல்டிடி கமாண்டிலும் உண்மை தெரியும். பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூல் சொல்வது வேறு, கிரிப்டோகிராஃபி பேக்கேஜுக்குள் இருப்பது வேறு என்பதையும் கவனியுங்கள்.

வெர்ஷன் ஏன் முக்கியம் என்றால், கசிவுகள் ஊர் ஊராகப் பரவி இருக்கின்றன. 2019-ல் வந்த மினெர்வா என்ற தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையெழுத்து முறையில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு புது ரேண்டம் எண் வேண்டும். அந்த எண்ணின் முன்னால் பூஜ்யங்கள் இருந்தால் சில லைப்ரரிகளில் சுற்றுகள் குறைந்து கையெழுத்து சீக்கிரம் முடிந்துவிடும். சீக்கிரம் முடிந்த கையெழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து லாட்டிஸ் என்ற கணித முறையில் போட்டால் நிரந்தர கீ வந்துவிடும். லிப்ஜிகிரிப்ட், வுல்ஃப்எஸ்எஸ்எல், ஜாவாவின் ஒரு பகுதி, ஒரு ஸ்மார்ட் கார்டு என்று எல்லாம் மாட்டின. ஒரு கையெழுத்தில் ஒன்றிரண்டு பிட் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இதில் பைத்தான்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. முழுக்கப் பைத்தானிலேயே எழுதிய ஈசிடிஎஸ்ஏ பேக்கேஜ் ஒன்று பரவலாக இருக்கிறது, சைடு சேனலைத் தடுப்பது எங்கள் நோக்கமே இல்லை என்று அதைப் பராமரிப்பவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். நேர்மையான ஆட்கள். பைத்தானின் பெரிய எண்கள் அளவைப் பொறுத்துதான் நேரம் எடுக்கும், அதை அவர்களால் மாற்ற முடியாது. கற்றுக்கொள்ள அது நல்ல பேக்கேஜ், நிஜக் கீயை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

கருவிகள் செய்கிறவர்கள் பிராசசரையும் பாருங்கள். கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் மீன் எடை போடும் இடத்துக்கு ராஸ்பெரி பை 4 வைத்து ஒரு பெட்டி செய்தோம். சாதாரண இன்டெல் கம்ப்யூட்டரில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனி இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு, டேபிளே தேவைப்படாது. பை 4-ல் அது கிடையாது. அந்த மாதிரி இடத்தில், எந்த லைப்ரரி டேபிளைப் பயன்படுத்துகிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதை விட சாச்சா20-பாலி1305 என்ற வேறு என்க்ரிப்ஷன் முறைக்கு மாறிவிடுவது சுலபம். அதில் டேபிளே இல்லை, சாச்சா20-ல் கூட்டலும் எக்ஸாரும் சுழற்றுவதும்தான், பாலி1305-ல் பெருக்கலும் உண்டு, வேகமும் அதிகம்.

கடிகாரம் வைத்து அளப்பது

இப்போது தட்டிப் பார்க்கும் வேலை. டியூடெக்ட் என்று ஒரு சின்னக் கருவி, ஆஸ்கர் ரெபராஸ், ஜோசப் பாலாஷ், இங்கிரிட் வெர்பாவ்ஹெட எழுதியது, ஒரே ஒரு ஹெடர் ஃபைல். சோதிக்க வேண்டிய ஃபங்ஷனுக்கு இரண்டு வகை இன்புட் கொடுப்பீர்கள்: ஒரு வகை எப்போதும் ஒரே மதிப்பு, இன்னொரு வகை ஒவ்வொரு தடவையும் ரேண்டம். ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை சைக்கிள் எடுத்தது என்று எழுதிக்கொண்டே போகும், லட்சக்கணக்கில். பிறகு இரண்டு குவியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வெல்ச்சின் டி சோதனை வைத்துப் பார்க்கும். டி என்பது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை இரைச்சலால் வகுத்தது, அவ்வளவுதான். பொதுவாக 4.5-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். டியூடெக்ட் கொஞ்சம் தாராளம், 10-ஐத் தாண்டினால்தான் கசிகிறது போலிருக்கிறது என்று சொல்லும்.

நீங்கள் எழுத வேண்டியது இரண்டே ஃபங்ஷன்: ஒன்று இன்புட்டைத் தயார் செய்வது, இன்னொன்று ஒரு தடவை ஓட்டுவது. எந்த இன்புட்டை நிலையான வகையாக வைப்பது என்பதில்தான் மூளை வேண்டும். ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு, நிலையான வகையில் சரியான ரகசியத்தையே கொடுங்கள், மற்றதில் ரேண்டம். கீ வைத்து வேலை செய்யும் ஃபங்ஷனுக்கு, பெரும்பாலும் பூஜ்ய பிட்டுகளாக இருக்கும் ஒரு கீயை ஒரு பக்கமும் ரேண்டம் கீயை மறு பக்கமும் வையுங்கள். கையெழுத்துக்கு, ரேண்டம் எண் வரும் இடத்தில் கை வைத்து, முன்னால் பூஜ்யங்கள் வருகிற எண்ணையும் வராத எண்ணையும் பிரித்துக் கொடுங்கள், அப்போதுதான் மினெர்வா மாதிரியானது மாட்டும்.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். டியூடெக்ட் தெரிவதற்கு முன்னால் நானே ஒரு சோதனை எழுதினேன்: முதலில் பத்து லட்சம் தடவை நிலையான இன்புட், பிறகு பத்து லட்சம் தடவை ரேண்டம். டி மதிப்பு 80-க்கு மேல் வந்தது. பெயர் பெற்ற லைப்ரரியில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டேன் என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஈமெயில் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸ் அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நடுவுல கரண்ட் போச்சா?" போயிருந்தது. சித்திரை மாசம், மஞ்சக்குப்பம், போகாமல் என்ன? சார்ஜர் நின்று லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, இரண்டாவது பத்து லட்சம் முழுக்க மெதுவாக ஓடியது. ஈமெயிலை அழித்தேன். இரண்டு வகையையும் ரேண்டமாகக் கலந்து ஓட்டினால் வேகம் மாறினாலும் இரண்டுக்கும் சமமாக மாறும், டியூடெக்ட் அப்படித்தான் செய்கிறது.

அதனால் ஓட்டும் முன்: சார்ஜரைச் செருகுங்கள், டர்போவை அணைத்துவிடுங்கள், பிராசசர் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், டாஸ்க்செட் கமாண்டால் ஒரே கோரில் கட்டிப்போடுங்கள், பிரவுசரை மூடுங்கள். எல்லா இன்புட்டையும் அளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே தயார் செய்து வையுங்கள். நிலையான வகையும் ரேண்டம் வகையும் மெமரியில் வேறு வேறு மாதிரி இடத்தில் இருந்தால் கேஷ் வித்தியாசத்தை அளந்துவிட்டு லைப்ரரியைத் திட்டுவீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கண்டிப்பாகக் கசியும் என்று தெரிந்த ஒன்றை முதலில் ஓட்டிப் பாருங்கள். முதல் வித்தியாசத்தில் நின்றுவிடும் ஒரு ஒப்பீட்டை நீங்களே நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் சில நொடிகளில் டி நூற்றுக்கணக்கில் எகிற வேண்டும். எகிறவில்லை என்றால் உங்கள் தராசுதான் கோளாறு, அதை வைத்து எதையும் எடை போடாதீர்கள்.

ராத்திரி முழுக்க ஓட்டியும் டி எண் 4-க்குக் கீழேயே ஊசலாடினால் சந்தோஷப்படலாம், ஆனால் அந்த இரண்டு இன்புட்டுக்கு, அந்த மெஷினில் வித்தியாசம் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் அது சொல்லவில்லை.

வால்கிரிண்ட் வைத்து ஏமாற்றும் வித்தை

எனக்கு ரொம்பப் பிடித்த முறை இது. வால்கிரிண்ட் என்பது புரோகிராமின் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவி. அதன் மெம்செக், மதிப்பு வைக்காத மெமரியை நம்பி புரோகிராம் முடிவெடுத்தால் கத்தும், அதற்காகத்தான் அதை எழுதினார்கள். 2010-ல் ஆடம் லாங்லி இதை அப்படியே திருப்பிப் போட்டார்: கீ இருக்கும் மெமரியில் மதிப்பு இருந்தாலும், "இது இன்னும் மதிப்பு வைக்காத இடம்" என்று மெம்செக்கிடம் பொய் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு கீயை வைத்து இஃப் போட்டாலோ, கீயை இன்டெக்ஸாக்கி டேபிளைத் தொட்டாலோ மெம்செக் வரி எண்ணோடு காட்டிக் கொடுக்கும். மெம்செக் ஹெடரைச் சேர்த்து, கீயை உருவாக்கிய உடனே ஒரு மேக்ரோ வரி, வேலை முடிந்ததும் வெளியே போகிற விடையை "இது இனி ரகசியம் இல்லை" என்று விடுவிக்க இன்னொரு மேக்ரோ வரி. கடிகாரம் வேண்டாம், இரைச்சல் இல்லை, கரண்ட் போனாலும் கவலையில்லை.

விடுவிக்கும் வரியை மறந்தால் மெம்செக் தேவையில்லாமல் நூறு இடத்தில் கத்தும், முதல் நாள் எல்லோருக்கும் இது நடக்கும். சில லைப்ரரிகள் பொருத்தமில்லாத ரேண்டம் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கும், அந்த இஃப் ஆபத்தில்லாதது, அதற்கும் கத்தும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்துத்தான் பிரிக்க வேண்டும். இன்னொரு குறை, சாதாரண மெம்செக் வகுத்தலைக் கண்டுகொள்ளாது, கைபர்ஸ்லாஷ் இதன் கண்ணில் படாமல் போய்விடும். அதற்கு, பைனரியை இன்ஸ்ட்ரக்ஷன்களாகப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டு ரகசியத்தைத் தொடும் ஃபங்ஷன்களில் வகுத்தல் இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிறதா என்று கண்ணால் தேடுவதுதான் நாங்கள் செய்வது. அழகான வழி இல்லை, ஆனால் வேலைக்கு ஆகிறது.

கம்பைலர் செய்யும் துரோகம்

இது வரை படித்துவிட்டு, சி ஃபைலை மட்டும் வாசித்துச் சரிபார்த்தால் போதும் என்று நினைத்தால், 2024-ல் பிக்யூஷீல்ட் நிறுவனத்தின் ஆன்டூன் பர்னால் காட்டியதைப் பாருங்கள். கைபர் மாதிரிக் கோடில் ஒரு இடத்தில் இஃப் போடாமல், மாஸ்க் வைத்துக் கவனமாக எழுதியிருந்தார்கள். கிளாங் கம்பைலர் சில ஆப்டிமைசேஷன் தேர்வுகளில் அதைப் பார்த்து, ஓ இது இரண்டு மதிப்பில் ஒன்றுதானே என்று புத்திசாலித்தனமாக இஃப்பாகவே மாற்றிவிட்டது. மூலக் கோடு சுத்தம், ஓடுகிற பைனரி கசிகிறது. 10 நிமிடத்துக்குள் முழுக் கீயையும் எடுத்துக் காட்டினார்.

கம்பைலர்மேல் தப்பு சொல்ல முடியாது. விடை சரியாக வர வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை, எவ்வளவு நேரத்தில் என்பது சி மொழியின் ஒப்பந்தத்திலேயே கிடையாது. லைப்ரரி எழுதுபவர்கள் இதற்காக மாஸ்க்கை ஒரு காலி அசெம்ப்ளி வரி வழியாக அனுப்பி, கம்பைலருக்குக் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: டியூடெக்டையும் வால்கிரிண்டையும் டீபக் பில்டில் ஓட்டாதீர்கள். வாடிக்கையாளருக்குப் போகிற அதே பைனரியில், அதே கம்பைலர் ஆப்ஷன்களோடு, அதே கம்பைலர் வெர்ஷனில் ஓட்டுங்கள். கம்பைலர் மாறினால் மறுபடியும்.

எதற்குக் கவலைப்படுவது, எதை விடுவது

உங்கள் சாஃப்ட்வேர் உங்கள் சொந்த மெஷினில் தனியாக ஓடுகிறது என்றால் கேஷ் தாக்குதல் பெரிய பயமில்லை, நெட்வொர்க் வழி நேரக் கசிவு மட்டும்தான். பகிர்ந்துகொள்ளும் விபிஎஸ் என்றால் கேஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி வேறொருவர் கையில் இருக்கப் போகிறது என்றால் மின்சாரம், மின்காந்தம் எல்லாம் சேரும், அங்கே சாஃப்ட்வேர் மட்டும் போதாது. 2013-ல் ஜென்கின், ஷமீர், ட்ரோமர் லேப்டாப்பின் சத்தத்தை வைத்தே க்னூபிஜியின் 4096 பிட் ஆர்எஸ்ஏ கீயை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தார்கள், பக்கத்தில் வைத்த மொபைல் போனே போதுமாக இருந்தது. கேட்க மிரட்டலாக இருக்கும், ஆனால் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்காக யாரும் வந்து மைக் வைக்கப்போவதில்லை, நாங்கள் அதை விட்டுவிட்டோம். சான்றிதழ் வாங்கிய சில்லுகளிலும் பெருமை பேச ஒன்றுமில்லை: யூபிகீ 5 என்ற யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியில் இருந்த இன்ஃபினியன் லைப்ரரியில் ஒரு கசிவு 14 வருஷம், ஏறக்குறைய 80 உயர்மட்டச் சோதனைகளைத் தாண்டி யார் கண்ணிலும் படாமல் இருந்தது, 2024-ல் தாமஸ் ரோஷ் கண்டுபிடித்தார். கருவியைக் கையில் வைத்துப் பிரித்து அளக்க வேண்டிய தாக்குதல் என்பதால் சாதாரண ஆட்கள் சாவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

லைப்ரரியில் நிஜமாகவே ஏதாவது கண்டுபிடித்தால், எழுதும் முன் அவர்களுடைய செக்யூரிட்டி கொள்கையைப் படியுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்யும் சைடு சேனல் தாக்குதல் எங்கள் எல்லைக்குள் வராது என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லே எழுதி வைத்திருக்கிறது; சரி செய்தாலும் சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கும் பொது எண்) கிடைக்காது. அதனால் சிவிஇ பட்டியலை மட்டும் பார்த்து லைப்ரரியைப் புதுப்பிக்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். அப்புறம், கசிவை அடைத்த அன்றே கீயையும் மாற்றுங்கள். ஏற்கெனவே யாராவது அளந்துவிட்டுப் போயிருந்தால் புது வெர்ஷன் போடுவதால் அவர்கள் கையில் இருக்கும் கீ செல்லாமல் போய்விடாது. கீயை மாற்றவே முடியாதபடி புரோகிராமுக்குள் பதித்து வைத்திருக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

எங்கள் ஆபீஸில் இப்போது வாரம் ஒரு ராத்திரி, பழைய டெஸ்க்டாப் ஒன்றில், யூபிஎஸ்ஸோடு, இந்தச் சோதனைகள் ஓடுகின்றன. வேண்டுமென்றே கசியவிட்ட ஒப்பீடு முதலில், அது மாட்டினால்தான் மற்றவை ஓடும். மீன் எடைப் பெட்டிக்கான பில்ட் இன்னும் பழைய கிளாங்கில்தான் இருக்கிறது, அதை மாற்றும் அன்று மறுபடி ஓட்ட வேண்டும் என்று அக்கா ஒரு சீட்டில் எழுதி அந்த மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார், கீழே சின்னதாக: "கரண்ட் இருக்கான்னு பாரு."